அக்கரையிலிருந்து ஊரைப் பார்க்க: கரையோர நடைபாதையில் நடப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஆற்றங்கரையில் வளர்ந்த பழைய ஊர்களில் பல, தம் முகத்தை ஆற்றின் பக்கமே வைத்திருக்கின்றன. சாலைகளும் ரயில் பாதைகளும் வருவதற்கு முன்னர் மனிதர்களும் சரக்குகளும் நீர்வழியாகவே வந்து இறங்கியதால், படித்துறையும் சந்தையும் வழிபாட்டிடமும் ஆட்சியாளரின் மாளிகையும் நீரை நோக்கியே எழுப்பப்பட்டன. இன்று ரயிலிலோ காரிலோ வந்து சேர்பவர் முதலில் காண்பது அத்தகைய ஊரின் முதுகுப்புறத்தைத்தான். முகத்தைக் காண வேண்டுமானால் ஆற்றங்கரைக்குச் சென்று நடக்க வேண்டும். தளம் பாவிய கரையோரப் பாதை இருக்கும் ஊர்களில் இது ஏறக்குறைய எவருக்கும் இயலக்கூடியது. மலையேறிய பழக்கமும் தேவையில்லை, தனிக் கருவிகளும் தேவையில்லை. ஆனால் எந்தக் கரையில், எந்த நேரத்தில், எந்தத் திசையில் நடப்பது என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வருபவருக்கும், கண்ட இடத்தில் இறங்கி நடப்பவருக்கும் ஒரே ஊர் ஒரே மாதிரி தெரிவதில்லை. அந்த மூன்றையும் தீர்மானிக்க உதவுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

எந்தக் கரை?

ஊர் எந்தக் கரையில் இருக்கிறதோ, அதற்கு எதிர்க்கரையில் நடக்க வேண்டும். சொல்லிக் கேட்கும்போது இது வெளிப்படையாகத் தோன்றும். நடைமுறையிலோ பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகவே செய்கிறார்கள். தங்கும் இடமும் ரயில் நிலையமும் ஊர்ப்பக்கத்தில் இருப்பதால் அங்கிருந்தே பாதையில் இறங்கிவிடுகிறார்கள். அப்படி நடப்பவருக்குத் தலைக்கு மேலே உயரும் கரைச்சுவரும், அதற்கு மேல் இரண்டொரு மாடிகளும், எதிரே அக்கரை மரங்களும்தான் தெரியும். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நடந்தேன். ஒரு முறை பாலத்தைக் கடந்து மறுகரைக்குச் சென்ற பிறகுதான், அதுவரை ஒவ்வொரு கட்டடத்தின் அடியையும் கடந்து போனேனே தவிர ஊரை முழுதாகப் பார்க்கவே இல்லை என்பது விளங்கியது.

வரைபடங்களிலும் கரையோரத் தகவல் பலகைகளிலும் வலக்கரை, இடக்கரை என்ற சொற்கள் வரும். நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பவரின் வலக்கைப் பக்கம் இருப்பது வலக்கரை. இடக்கைப் பக்கம் இருப்பது இடக்கரை. நாம் எந்தத் திசையில் நடந்தாலும், வரைபடத்தை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் இந்தப் பெயர்கள் மாறுவதில்லை. பாதையின் ஒரு பகுதி மூடப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பை எதிர்க்கரைக்கு உரியதாக எடுத்துக்கொண்டு வீணே திரும்பிப் போகாமலிருக்க, இதை நினைவில் வைத்துக்கொள்வது பயன்படும்.

ஆற்றின் அகலத்தையும் கருத வேண்டும். 100 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஆற்றில் எதிர்க்கரையின் சன்னல்களும் கதவுகளும் மாடத்தில் நிற்பவர்களும் தெளிவாகத் தெரிவார்கள். அங்கே ஊரை வீடு வீடாகப் பார்க்கலாம். 300 மீட்டரைத் தாண்டினால் தனி வீடுகள் கரைந்து, கோபுரங்களும் கூரைகளும் மரங்களும் சேர்ந்து வரையும் மேல்விளிம்புக்கோடுதான் காட்சியாகிறது. முன்னதற்கு மெதுவான, அடிக்கடி நிற்கும் நடை பொருந்தும். பின்னதற்கு நீண்ட தூரம் நடக்க வேண்டும், ஏனெனில் அரை கிலோமீட்டர் நடந்தால்தான் முன்னால் நிற்கும் கோபுரமும் பின்னால் நிற்கும் குன்றும் ஒன்றையொன்று விட்டு விலகுவது கண்ணுக்குத் தெரியும். அகலத்தை அளக்கக் காதே போதும். அக்கரையில் ஒருவர் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பின் அந்த ஓசை ஒரு நொடி தாமதித்துக் கேட்டால், இடையே ஏறத்தாழ 340 மீட்டர் நீர் இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆற்றின் வளைவைப் பயன்படுத்துதல்

நேராக ஓடும் ஆற்றைவிட வளைந்து ஓடும் ஆறு நடப்பவருக்கு அதிகம் தருகிறது. வளைவில் நீர் வெளிப்பக்கக் கரையை அரித்து ஆழமாக்குகிறது. உட்பக்கத்தில் மணலையும் வண்டலையும் படியவைத்துத் தாழ்வான, அகன்ற கரையை உண்டாக்குகிறது. ஆழமான நீரில் படகுகள் கரையை ஒட்டி வந்து நிற்க முடியும் என்பதாலும், உயர்ந்த கரை வெள்ளத்துக்கு எளிதில் ஆட்படாது என்பதாலும், பழைய ஊர்கள் பல வெளிவளைவிலேயே அமைந்தன. அத்தகைய ஊருக்கு எதிரே, உட்பக்கத் தாழ்கரையில் நடப்பவரைச் சுற்றி ஊர் ஓர் அரைவட்டமாக நிற்கும். அவர் எவ்வளவு நடந்தாலும் அது பார்வையிலிருந்து விலகாது. கட்டடங்கள் ஒவ்வொன்றும் தன் பக்கவாட்டையும் மெல்லத் திருப்பிக் காட்டும். நடை பழகாத முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் இத்தகைய பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனெனில் எந்த இடத்தில் அமர்ந்தாலும் காட்சி முழுமையாக இருக்கும்.

இதற்கு மாறாக, ஊர் வளைவின் உள்ளே, கிட்டத்தட்ட ஒரு தீபகற்பம் போல அமைந்திருக்கலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தின் பழைய பகுதியை ஆரே ஆறு மூன்று பக்கம் சூழ்ந்து ஓடுகிறது. இங்கிலாந்தின் டர்ஹம் நகரத்தில் பேராலயம் நிற்கும் பாறைமேட்டை வியர் ஆறு அவ்வாறே சுற்றி வருகிறது. இத்தகைய இடங்களில் வெளிக்கரையில் நடப்பவர் ஊரைச் சுற்றியே வந்துவிடுகிறார். ஒரே கோபுரத்தை மூன்று திசைகளிலிருந்தும், ஒவ்வொரு முறையும் வேறு வெளிச்சத்திலும் காண்கிறார். ஊரின் அமைப்பை ஒரே நடையில் அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வாய்ப்பு இல்லை என்பது என் கருத்து.

புறப்படுவதற்கு முன் வரைபடத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: வளைவுகள், பாலங்கள், தடுப்பணைகள். வளைவு முடியும் இடத்தில்தான் பெரும்பாலும் ஊரின் முழுத் தோற்றம் திடீரென்று திறக்கும். ஆகவே தொடக்கப் புள்ளியை ஊருக்கு நேர் எதிரே வைக்காமல், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊர் இன்னும் மறைந்திருக்கும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முதலில் ஒரு கோபுரத்தின் நுனி, பிறகு கூரைகள், பிறகு கரைச்சுவர் என்று ஊர் தவணை முறையில் வெளிப்படுவதைப் பார்ப்பதில் உள்ள நிறைவு, வாகனத்தை ஊருக்கு எதிரே நிறுத்தி இறங்குபவருக்குக் கிடைப்பதில்லை. பாலங்கள் இரண்டு இருந்தால் ஒன்றில் கடந்து போய் மற்றொன்றில் திரும்பும்படி வட்டமாக நடக்கலாம். பாலத்தின் நடுப்பகுதி, இரு கரைகளையும் ஒருசேரக் காட்டும் ஒரே இடம் என்பதால், அங்கே ஐந்து நிமிடமாவது நிற்கத் திட்டமிடுங்கள்.

வெளிச்சமும் நேரமும்

சூரியன் நடப்பவரின் முதுகுப்பக்கம் இருக்கும்போது ஊர் வெளிச்சத்தில் குளிக்கும். ஊருக்குப் பின்னால் இருக்கும்போது கட்டடங்கள் கறுத்த நிழலுருவங்களாக நிற்கும். இந்த ஒரு வாக்கியத்தை ஆற்றின் போக்கோடு பொருத்திப் பார்த்தால் நேரம் தானாகவே அமையும். ஆறு வடக்கு தெற்காக ஓடினால், கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்ப்பவருக்குக் காலையும், மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்ப்பவருக்குப் பிற்பகலும் ஏற்றவை. புடாபெஸ்ட் நகரத்தில் டான்யூப் ஆறு அவ்வாறே ஓடுகிறது. கிழக்கே பெஸ்ட் பக்கம் நடந்தால் எதிரேயுள்ள அரண்மனைக் குன்றின் மீது காலை வெயில் விழும். மேற்கே புடா பக்கம் நடந்தால் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஆற்று முகப்பு மாலை வெயிலில் ஒளிரும். ஒரே நாளில் இரு கரைகளிலும் நடப்பவர் இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் இரண்டு வேளையும் நிழலுருவங்களையே பார்ப்பார்.

ஆறு கிழக்கு மேற்காக ஓடினால் கணக்கு வேறு. வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே செல்வதால், தென்கரையில் நின்று வடக்கே பார்ப்பவருக்குப் பகலின் பெரும்பகுதியும் ஏற்ற வெளிச்சம் கிடைக்கும். வடகரையில் நிற்பவர் அதிகாலையையோ மாலையையோ நாட வேண்டும். தென் அரைக்கோளத்தில் இது தலைகீழாகும். வெப்பமண்டலத்தில் நண்பகல் சூரியன் உச்சிக்கு அருகிலேயே நிற்பதால், எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் சுவர்கள் தட்டையாகவும், தாழ்வாரங்களின் கீழ்ப்பகுதிகள் இருண்டும் தெரியும். அங்கே முதல் இரண்டு மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும் மட்டுமே நடைக்கு உரியவை என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலின் கடுமையைக் கருதினாலும் அதுவே சரி.

மேகமூட்டமான நாளை வீணான நாள் என்று ஒதுக்க வேண்டாம். நெதர்லாந்து ஓவியர் யொஹானஸ் வெர்மீர் 1660–61 வாக்கில் தம் ஊரான டெல்ஃப்டை நீருக்கு இப்புறம் நின்று வரைந்த ஓவியம் ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பை வானம் எடுத்துக்கொள்கிறது. கரையோரக் கட்டடங்கள் மேகநிழலில் மங்கியிருக்க, பின்னால் உள்ள தேவாலயக் கோபுரத்தின் மீது மட்டும் வெயில் விழுந்திருக்கிறது. மேகங்கள் இடைவெளி விட்டு நகரும் நாளில் எந்த ஆற்றங்கரையிலும் இந்த நிகழ்ச்சியைக் காணலாம்: வெயில் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு நகர்ந்து, இதுவரை கண்ணில் படாத ஒரு தெருவையோ தோட்டத்தையோ எடுத்துக்காட்டும். ஓர் இடத்தில் கால் மணி நேரம் பொறுமையாக நின்றாலே போதும்.

மாலையில் நடப்பவர் சூரியன் மறைந்தவுடன் திரும்பிவிடக் கூடாது. வானம் ஆழ்ந்த நீலமாக மாறி, ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் அந்தி நேரத்தில்தான் வானத்தின் ஒளியும் சன்னல்களின் ஒளியும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. அதற்கு முன் விளக்குகள் தெரியா, அதற்குப் பின் கட்டடங்கள் தெரியா. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்த அந்தி 20 முதல் 25 நிமிடங்களில் முடிந்துவிடும். 50 பாகைக்கு மேற்பட்ட அகலாங்குகளில் அரை மணியைத் தாண்டி நீளும். சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறிய, கையை நேராக நீட்டி, சூரியனுக்கும் தொடுவானுக்கும் இடையே எத்தனை விரல்கள் கிடைமட்டமாக அடங்குகின்றன என்று பார்க்கலாம். ஒரு விரலுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் என்பது வெப்பமண்டலத்தில் ஓரளவு பொருந்தும் கணக்கு. சூரியனை நேராக உற்றுப் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டும்.

நீரில் தெரியும் ஊர்

பலர் எதிர்பார்த்து வந்து காணாமல் திரும்புவது நீரில் தலைகீழாகத் தெரியும் ஊரை. அதற்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். விடியற்காலையில் நிலம் இன்னும் சூடேறாத நிலையில் காற்று பொதுவாக மிகக் குறைவாக இருப்பதால், பிம்பத்தைத் தேடுபவர் அந்த நேரத்தையே நாட வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தடுப்பணை உதவும். அணைக்கு மேற்பக்கம் நீர் தேங்கி, ஓட்டம் தளர்ந்து, கண்ணாடி போல நிற்கும். கீழ்ப்பக்கம் நுரையும் சுழிப்புமாக இருக்கும். எனவே ஊருக்குச் சற்றுக் கீழே தடுப்பணை இருந்தால், அந்த ஊருக்கு எதிரே நல்ல பிம்பம் கிடைக்க வாய்ப்பு மிகுதி. தடுப்பணையின் மேல் ஏறி நிற்கவோ, அதன் அடிவாரத்தில் இறங்கவோ கூடாது. அங்கே நீர் தன்னைத்தானே சுருட்டி உள்ளிழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் அதிலிருந்து மீள்வது கடினம்.

நீரில் தெரியும் ஊர், மேலே தெரியும் ஊரின் சரியான நகல் அன்று. நம் கண் நீர்மட்டத்துக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கண் இருந்தால் அது எதைக் காணுமோ, அதையே பிம்பம் காட்டுகிறது. ஆகையால் கரைச்சுவரின் மேலே உயரத்தில் நிற்பவருக்குப் பின்வரிசைக் கோபுரம் மேலே நன்றாகத் தெரிந்தும் பிம்பத்தில் முன்வரிசை வீடுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். படிகளில் இறங்கி நீருக்கு அருகே நின்றால் இரண்டும் நெருங்கி ஒத்துப்போகும். துருவமுனைப்புக் கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது நீரின் கண்கூச்சத்தைக் குறைக்கும்போது பிம்பத்தையும் சேர்த்தே மங்கச் செய்கிறது, பிம்பத்தைப் பார்க்கும் சில நிமிடங்களுக்கு அதைக் கழற்றிவிடலாம். காற்றுள்ள மாலைகளில் முழுப் பிம்பம் இல்லாவிட்டாலும், விளக்குகள் ஒவ்வொன்றும் சிற்றலைகளில் நெடிய ஒளித்தூண்களாக நம்மை நோக்கி நீண்டு வருவதைக் காணலாம். அதுவும் குறைந்த காட்சி அன்று.

கடலுக்கு அருகிலுள்ள ஆறுகளில் அலையேற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் நீர்மட்டம் ஒரே நாளில் 7 மீட்டர் வரை ஏறி இறங்கக்கூடும். இறங்கியிருக்கும்போது கரைச்சுவருக்குக் கீழே சேறும் கூழாங்கற்களுமே தெரியும், ஏறியிருக்கும்போது அதே சுவரின் பாதிக்கு மேல் நீர் நிற்கும். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், இன்று விடியலில் கிடைத்த நிறைநீர் சில நாட்களில் முற்பகலுக்குத் தள்ளிப்போய்விடும்.

பாதையும் கால்களும்

தளம் பாவிய சமதளப் பாதையில் நடப்பதால் உடற்களைப்பு குறைவு என்று எண்ணுவது பாதி உண்மைதான். ஏற்ற இறக்கமுள்ள மண்பாதையில் ஒவ்வோர் அடியும் வேறுவிதமாக விழுகிறது. கான்கிரீட்டிலும் தாரிலும் ஆயிரக்கணக்கான அடிகள் ஒரே விதமாக விழுவதால் குதிகாலும் முழங்காலும் ஒரே இடத்தில் அடி வாங்குகின்றன. எனவே கனமான மலையேற்றக் காலணிகளைத் தவிர்த்து, மெத்தென்ற, வளையக்கூடிய அடிப்பாகமுள்ள நடைக்காலணிகளை அணிய வேண்டும். ஓரத்தில் புல்வெளி இருக்கும் இடங்களில் அவ்வப்போது அதில் இறங்கி நடக்கலாம். மழைநீர் வடிவதற்காகப் பாதையைக் குறுக்கே சற்றுச் சரித்தே அமைப்பார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 சென்டிமீட்டர் சரிவு வழக்கமான அளவு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவில் நெடுந்தொலைவு நடந்தால் ஒரு பக்க இடுப்பு வலிக்கத் தொடங்கும். பாதையின் நடுப்பகுதிக்கு வந்தோ, வந்த வழியே திரும்பி நடந்தோ இதை ஈடுசெய்யலாம்.

மேற்பரப்புகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. கருந்தார் வெயிலை உறிஞ்சிக் காற்றைவிடப் பல பாகை கூடுதலாகச் சூடேறும். நாயுடன் நடப்பவர் புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைத்துப் பார்த்துவிட்டு, தாங்க முடியாவிட்டால் நடையைத் தள்ளிப்போட வேண்டும். கருங்கல் பாவிய பழைய படித்துறைகளும் மரப்பலகைப் பாலங்களும் அதிகாலைப் பனியில் வழுக்கும். நீர்மட்டத்தை ஒட்டிய படிகளில் பச்சையாகவோ கருமையாகவோ தெரியும் பாசியின் மேல் எந்தக் காலணியும் பிடிப்புத் தராது என்பதால், அந்த நிறம் தொடங்கும் படிக்கு மேலேயே நின்றுவிட வேண்டும்.

சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியோடோ வருபவர்களுக்குப் பாதையின் சமதளத்தைவிட அதில் சேரும் வழிகளே முக்கியமானவை. பாதை முழுவதும் தட்டையாக இருந்தும், பாலத்திலிருந்து அதில் இறங்க 40 படிகள் மட்டுமே இருந்தால் அது அவர்களுக்குப் பயன்படாது. சரிவுவழி எங்கே இருக்கிறது என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள். 20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் உயராத சரிவு, துணையின்றி ஏறுவதற்குப் பொதுவாக ஏற்றது.

பெரும்பாலான கரையோரப் பாதைகளை மிதிவண்டிகளும் பகிர்ந்துகொள்கின்றன. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மிதிவண்டி ஒரு நொடியில் ஐந்து மீட்டருக்கு மேல் கடக்கிறது. காட்சியில் மனம் பறிகொடுத்து ஓர் அடி பக்கவாட்டில் வைப்பவருக்கு விலகிக்கொள்ள நேரமிருக்காது. எனவே அந்த நாட்டுப் போக்குவரத்து முறைப்படி இடமோ வலமோ ஓரமாக நடப்பது, குழுவாக வந்தால் இருவருக்கு மேல் பக்கம் பக்கமாகச் செல்லாமலிருப்பது, நின்று பார்ப்பதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாதையை விட்டு விலகி நிற்பது ஆகியவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இரு காதுகளையும் அடைத்துப் பாட்டுக் கேட்டபடி நடப்பதை நான் இங்கே வன்மையாக மறுக்கிறேன். மணியோசை கேட்காது என்பது ஒரு காரணம், ஆற்றங்கரைக்கே உரிய ஓசைகளை இழக்கிறோம் என்பது மற்றொன்று. விடியலிலும் அந்தியிலும் நீரை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்போது, ஒலி மேலே கலைந்துபோகாமல் நீர்ப்பரப்பை நோக்கி வளைகிறது; அதனால்தான் அக்கரையில் இருவர் பேசிக்கொள்வதும், கதவு சாத்தப்படுவதும், மணி அடிப்பதும் வியக்கத்தக்க தெளிவோடு வந்து சேர்கின்றன.

தூரமும் காற்றும்

சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கக்கூடியவர், நின்று பார்த்து நடக்கும்போது 3 கிலோமீட்டருக்கு மேல் கணக்கிட வேண்டாம். முதல் முறை வருபவருக்குப் போக வர 6 கிலோமீட்டர் நிறைவான அளவு. ஆற்றின் சரிவு மிகக் குறைவு என்பதால் நீரோட்டத்தை எதிர்த்து நடப்பதும் அதனோடு நடப்பதும் கால்களுக்கு ஒன்றுதான், காற்று அப்படியன்று. ஆற்றுப் பள்ளத்தாக்கு காற்றைக் குழாய் போலத் திசைப்படுத்துவதால், போகும்போது எதிர்க்காற்றில் நடந்து, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் வீசும்படி அமைத்துக்கொள்வது நலம். வெளிச்சத்தின் திசையும் காற்றின் திசையும் முரண்பட்டால் நான் வெளிச்சத்தையே தேர்ந்தெடுப்பேன். நிழலற்ற பகுதிகளில் மணிக்கு அரை லிட்டர் குடிநீர் கணக்கில் எடுத்துச் செல்லுங்கள். விடியலில் கரை ஊரைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால் மெல்லிய மேலாடை ஒன்றும் வேண்டும். ஆற்றின் மேல் மூடுபனி கவிந்திருந்தால் திரும்பிவிட வேண்டாம். தெளிந்த வானமுள்ள நாட்களில் சூரியன் ஏறிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது பெரும்பாலும் கலைந்துவிடும். கலையும்போது கோபுரங்கள் முதலிலும் கரை கடைசியிலும் வெளிப்படும்.

வெள்ளமும் இடியும்

கரையோரப் பாதை ஆற்றுக்குச் சொந்தமான நிலத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. பாதை பாலத்தின் அடியில் நுழைந்து செல்லும் இடங்களே பெரும்பாலும் மிகத் தாழ்வானவை. நீர் உயரும்போது அவையே முதலில் மூழ்கும், வடிந்த பிறகும் வழுக்கும் வண்டல் அங்கேதான் படிந்திருக்கும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் வளர்ந்த ஒருவரைக் கீழே தள்ளிவிடும் என்பதால், பாதையின் மேல் நீர் ஓடுவதைக் கண்டால் ஆழத்தைச் சோதித்துப் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும். மேலே அணை உள்ள ஆறுகளில், தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே நீர்மட்டம் திடீரென்று உயரக்கூடும். எச்சரிக்கைப் பலகைகளும் சங்கொலியும் இருக்கும் இடங்களில் அவற்றின் பொருளைத் தொடக்கத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

முன்னைய வெள்ளங்களின் உயரத்தைப் பாலத் தூண்களிலும் பழைய சுவர்களிலும் பொறித்து வைத்திருப்பார்கள். பாரிஸ் நகரத்தில் அல்மா பாலத்தை ஒட்டி நிற்கும் சூவாவ் (பழைய பிரெஞ்சுக் காலாட்படைப் பிரிவு) வீரனின் சிலையே மக்களுக்கு அளவுகோலாக இருந்துவருகிறது. நீர் அவன் பாதத்தைத் தொட்டால் சேன் ஆற்றின் கரையோரப் பாதைகள் மூடப்படும் நிலை வந்துவிட்டது என்று கொள்வார்கள். 1910 ஜனவரி வெள்ளத்தில் நீர் அவனுடைய தோள்வரை ஏறியது. இத்தகைய குறி ஒன்றைக் கண்டால், அதன் உயரத்தை எதிர்க்கரை வீடுகளின் மேல் மனத்தால் இழுத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் வாசல் வைக்காமல் உயர்ந்த படிக்கட்டு வைத்த காரணமும், கரைச்சுவருக்கு அத்தனை உயரம் தேவைப்பட்ட காரணமும் அப்போது விளங்கும்.

இடியோசை கேட்கும் தொலைவில் இருப்பவர் மின்னல் எட்டும் தொலைவிலும் இருக்கிறார். திறந்த நீர்வெளியை ஒட்டிய பாதையில் தனி மரத்தடியிலோ உலோகக் கைப்பிடி அருகிலோ ஒதுங்காமல், கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ சென்று, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது

முதல் கால் மணி நேரம் புகைப்படம் எடுக்காமல் நடக்கலாம் என்பது என் பரிந்துரை. எளிதில் அடையாளம் தெரியும் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோபுரமோ கடிகார மாடமோ உயர்ந்த மரமோ எதுவாயினும் சரி. நடக்க நடக்க அது அண்டைக் கட்டடங்களை விட்டு எவ்வாறு விலகுகிறது என்று கவனித்தால், எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் நிற்கிறது, இடையே தெரு எங்கே புகுகிறது என்பனவெல்லாம் வரைபடமின்றியே பிடிபடும். பிறகு நீர்விளிம்பைப் பாருங்கள். பழைய படகுத்துறைகளின் இரும்பு வளையங்கள், அடைக்கப்பட்ட வளைவு வாயில்கள், ஊரின் கழிவுநீரோ ஓடையோ வந்து கலக்கும் மதகு, ஒரே சுவரில் வெவ்வேறு காலத்துக் கற்கள் என்று ஊர் ஆற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தியது என்பதற்கான தடயங்கள் அங்கேதான் இருக்கின்றன. திரும்பி நடக்கும்போது இவற்றையே எதிர்த்திசையில், மாறிய வெளிச்சத்தில் காண்பீர்கள்; போகும்போது கண்ணில் படாத ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும்.

இறுதியாகப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் செல்லுங்கள். அக்கரையிலிருந்து குறித்து வைத்த கோபுரத்தின் அடிக்குச் சென்று, அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் தெருவைக் கண்டுபிடித்து, அது முடியும் படித்துறையில் நின்று, சற்று முன் நீங்கள் சாய்ந்து நின்ற கைப்பிடிச்சுவரை எதிரே தேடுங்கள். அதைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆகும். மரங்களுக்கு இடையே அது மிகத் தாழ்வாகவும், எண்ணியதைவிடத் தொலைவாகவும் இருக்கும்.